மேடத்தின் முகம்

"மேடம், நீங்க பாடமே நடத்த மாட்டேங்கிறீங்க" என்றாள் சலோமி.

கால்நடை மருத்துவத்தில் கடைசி வருடம். நீலாயதாட்சி மேடத்தின் வகுப்பில் முதலில் நோய் வரும். பாடத்தை மாணவர்களே தேடிக்கொள்ள வேண்டும்.

"ஒண்ணு கேட்டா, நீங்களும் ஒண்ணு கேக்குறீங்க."

"அப்படியா?" என்றார் மேடம்.

அதற்குள் கல்லூரி மருத்துவமனையின் மாட்டுக் கொட்டகையிலிருந்து அழைப்பு வந்தது.

பசு படுத்திருந்தது. கழுத்து விலாப்பக்கம் மடிந்திருந்தது, தன் வயிற்றிடம் ஏதோ கேட்பதுபோல. பக்கத்தில் அதன் சொந்தக்காரி ராக்கு.

"நேத்து கன்னு போட்டுச்சு தாயி. விடிஞ்சதுலேர்ந்து எந்திரிக்கல. எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"சொல்லுங்க" என்றார் மேடம், மாணவர்களிடம்.

"பால் காய்ச்சல்" என்றாள் சலோமி, மேடத்தின் முகத்தைப் பார்த்தபடி. முகம் அசையவில்லை.

"கருப்பையில சீழ்?" என்றான் உடன் படிக்கும் ஜாபர்.

அசையவில்லை.

"விஷச்செடி ஏதாவது மேஞ்சிருக்குமோ?" என்றான் ஜாபர் மறுபடியும்.

மேடத்தின் புருவம் லேசாக உயர்ந்தது.

"விஷம்தான் மேடம்" என்றார்கள் இருவரும். ஜாபர் மருந்தெடுக்கத் திரும்பினான்.

"புருவத்துல ஈ உக்காந்துச்சு" என்றார் மேடம். "நீ எங்கே ஓடுற?"

பசுவின் மூச்சு மெலிந்துகொண்டே வந்தது.

"எதையாச்சும் பண்ணுங்க தாயி" என்றாள் ராக்கு.

மேடம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

பார்ப்பதற்கு இப்போது பசு மட்டுமே இருந்தது.

சலோமி மண்டியிட்டாள். காதைத் தொட்டாள். அந்த வெயிலிலும் அது கிணற்றுக் கல்லாகச் சில்லிட்டிருந்தது. மூக்கு வறண்டிருந்தது. நேற்று ஈன்ற மாடு. உடம்பின் சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலுக்குப் போயிருந்தது.

"பால் காய்ச்சல்தான். பேருதான் காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போயிடும். கால்சியம் ஏத்தணும்."

யாரும் ஆமாம் சொல்லவில்லை.

வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதைப் படித்திருந்தாள். கழுத்து நரம்பில் ஊசியைச் செருகினாள். ஜாபர் கால்சியம் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தான். அவள் ஒரு கையில் குழாயைப் பற்றி, ஸ்டெதஸ்கோப்பைப் பசுவின் நெஞ்சில் வைத்தாள்.

பாதி பாட்டிலில் துடிப்பு தடுமாறியது. ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒன்று.

"மேடம், நிறுத்தவா?"

மேடம் திரும்பவில்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கல சலோமி. உனக்குத்தான் கேக்குது."

சலோமி குழாயை அடைத்தாள்.

ராக்கு பசுவின் நெற்றியில் கையை வைத்திருந்தாள்.

துடிப்பு, தயங்கித் தயங்கி, ஒழுங்குக்கு வந்தது.

சலோமி யாரையும் பார்க்காமல் குழாயைத் திறந்தாள், இந்த முறை சொட்டுச் சொட்டாக.