மோர் சிந்தாத லாரி

சங்ககிரியில பொன்னுரங்கம்னு ஒரு மில்லு முதலாளி இருந்தாரு. எதுவும் ரெண்டா இருந்தாத்தான் அவருக்குக் கௌரவம். மீசை முறுக்கிவிடவே ரெண்டு ஆளு. அவங்க ரெண்டு பேரும் போட்ட சண்டை தனிக்கதை, அது கிடக்கட்டும். அவரோட அந்தக்காலத்து லாரியில முன்சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஷாக் அப்சர்பர். ரெண்டும் சேர்ந்து ஸ்பிரிங்கை அசையவே விடாது. சின்னக் கல்லு ஏறினாலும் வண்டி ஆளைத் தூக்கிப் போடும்.

"ஒண்ணு போதுமுங்க"ன்னான், அவரு பட்டறையில வேலை பாத்த மாதேசன்.

"ரெண்டும் மாட்டித்தான் இருக்கணும்டா. ஆனா நான் லாரியில போறப்ப என் கையில இருக்கிற மோரு சிந்தக்கூடாது. சிந்துச்சு, உனக்கு இங்க வேலையில்ல."

மறுநாள் செம்பு நிறைய மோரோட முதலாளி லாரியில ஏறிக் கடைவீதியைச் சுத்தி வந்தாரு. ஒரு சொட்டு சிந்தல.

"பாத்தீங்களா, ரெண்டு இருந்தாத்தான் சொகுசு"ன்னு கூடியிருந்தவங்ககிட்ட பெருமையடிச்சாரு.

மாதேசன் குனிஞ்சு ஒரு ஷாக்கோட கீழ்முனையைக் கழட்டி, ஒத்தை விரலால மேலயும் கீழயும் ஆட்டிக் காட்டினான். "சக்கரத்துக்கு ஒண்ணுல எண்ணெயை வடிச்சிட்டேனுங்க. வேலை செய்யறது இன்னொண்ணுதான். இது உங்க கௌரவத்துக்குத் தொங்குது."

முதலாளி மோரை மெதுவா குடிச்சு முடிச்சாரு. "நாளைக்கு நேரத்தோட வந்து, சும்மா தொங்கறதையெல்லாம் கழட்டிப் போடு"ன்னாரு.

பக்கத்துல நின்ன, மீசை முறுக்கிவிடற ரெண்டு பேர்ல ஒருத்தன் சத்தமில்லாம வீட்டுக்கு நடையைக் கட்டினான்.