ஆட்டுக்கு ‘ஆ’ன்னு பேர் வெச்ச மாராயி

ஒரு ஊர்ல, ஆத்தங்கரையில ஒரு பரிசல்காரி இருந்தா. மாராயின்னு பேரு. ஒருநாள் மத்தியானம் ஆத்துல வெள்ளம் திபுதிபுன்னு வந்துருச்சு. நடு ஆத்துத் திட்டுல ஆடு மேய்க்கப் போன ராக்கியண்ணன் பன்னெண்டு ஆட்டோட மாட்டிக்கிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. கேக்கிறியா? ம்.

அப்போ மாராயி சரசரன்னு பரிசலைச் சுத்திக்கிட்டுப் போய்ச் சேர்ந்தா. பார்த்தா, திட்டு முங்க ரெண்டே சாண்தான் பாக்கி! ஒருதரம் போய்த் திரும்புறதுக்குள்ள ஒரு சாண் ஏறிரும்.

“அண்ணா, ரெண்டே நடைதான். பரிசல் இருநூறு கிலோ வரைக்கும்தான் தாங்கும். மேல ஒரு கிலோ ஏறினாலும் கவுந்துரும். ஆடு என்ன எடை?”

“தெரியாதும்மா. பன்னெண்டும் ஒரே கனம், அவ்வளவுதான் தெரியும்.”

“தெரியாட்டி என்னங்க? இப்போதைக்கு அதுக்கு ‘ஆ’ன்னு பேர் வெச்சுக்கலாம்.”

பரிசல்ல கிடந்த பலகையை ஒரு கல்லு மேல நடுவாப் போட்டா. ஒரு பக்கம் இவ உக்கார்ந்தா, அறுபது கிலோ. அந்தப் பக்கம் ராக்கியண்ணன் ஆட்டுக்குக் கொண்டு வந்திருந்த இருபது கிலோ தவிட்டு மூட்டை. ஒரு ஆட்டை ஏத்தினார், அசையல. இன்னொண்ணை ஏத்தினார். டொக்! பலகை சமமா நின்னுச்சு.

“ரெண்டு ஆ, கூட இருபது, மொத்தம் அறுபது! ரெண்டு பக்கமும் இருபதை எடுத்துட்டா, ரெண்டு ஆ நாப்பது. அப்போ ஒரு ஆ இருபது கிலோ!”

அப்புறம் என்ன? அவ அறுபது போக மிச்சம் நூத்தி நாப்பது. ஆட்டுக்கு இருபதுன்னா ஏழு ஆடு. ஏழையும் காலைக் கட்டி ஏத்தி, சளக் சளக்னு துடுப்பு போட்டு, கரையில இறக்கிட்டுத் திரும்பி வந்தா. ம் சொல்லு. தூங்கிட்டியா?

இப்போ ஒரு சாண்தான் பாக்கி. ஆடு அஞ்சு, ராக்கியண்ணன் ஒருத்தர். அவரும் அறுபது கிலோ. ரெண்டு பேருக்கே நூத்தி இருபது போயிருச்சு. மிச்ச எண்பதுக்கு நாலே ஆடு.

“ஒண்ணை விட்டுரலாம்மா,”ன்னார் ராக்கியண்ணன். கடைசி ஆடு ம்மேன்னு அவர் வேட்டியை இழுத்துச்சு.

மாராயி விரல் விட்டு எண்ணிப் பார்த்தா. எதைக் குறைக்கிறது? ஆட்டைக் குறைக்க முடியாது. அண்ணனைக் குறைக்க முடியாது.

“அண்ணா! என்னைக் கழிச்சுருங்க!”

“என்னது?”

“நீங்க அறுபது, அஞ்சு ஆடு நூறு. நூத்தி அறுபதுதானுங்க, இருநூறுக்குள்ளதான்! ஏறுங்க!”

பரிசல் கயித்தை இடுப்புல கட்டினா. தொபுக்! தண்ணியில குதிச்சுட்டா. சுழல் இழுக்குது, இவளும் இழுக்கிறா. ராக்கியண்ணன் தத்தக்கா பித்தக்கான்னு துடுப்பு போடறார். பின்னால திட்டு குபுக்னு முங்கிருச்சு!

பரிசல் கரையில முட்டி நின்னுச்சு. பன்னெண்டு ஆடும் மே மேன்னு கத்துது. அவர் ஆட்டுப் பக்கம் திரும்பவே இல்ல. தண்ணியையே பார்த்துக்கிட்டு, “மாராயி! மாராயி!”ன்னு கயித்தை இழுத்தார். ஈரத்தலை ஒண்ணு மேல வந்துச்சு.

“இருக்கேனுங்கண்ணா!”

கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டு, அப்படியே மணல்ல உக்கார்ந்து அழுதுட்டார்.

கதை கரையேறிருச்சு கண்ணு, நீ கண்ணை மூடு.