பூஜ்யம் போட்ட பிரதானி

செங்கானல் நாட்டு ராஜா ரணகண்டருக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது புரியாதபடி எதையாவது சொன்னால் போதும். "ஆகா, என்ன ஞானம்!" என்று உடனே முத்திரை குத்திவிடுவார். அந்த வியாதிக்குத் தீனி போட்டு வளர்த்த புண்ணியவான் பிரதானி வில்வராயர்.

அந்த வருஷம் ஏரிக்கரை பலவீனமாகக் கிடந்தது. மழைக்கு முன்னால் மண் போட்டு உயர்த்தியாக வேண்டும். எந்த வீட்டுக்கு எத்தனை நாள் வேலை? பிரதானி ஒரு விதி எழுதினார். வீட்டில் மூச்சு விடுகிறவர்கள் எத்தனை பேரோ, அந்த எண்ணுக்கு 'ஆ' என்று பெயர். ஆ-வை இரண்டால் பெருக்கி, ஐந்தைக் கூட்டினால் வருவது அந்த வீடு மண் சுமக்க வேண்டிய நாள். அதே ஓலையில் கீழே இன்னொரு வரி. ஆ-வை மூன்றால் பெருக்கினால் வருவது, உத்தியோகஸ்தர் வீட்டுக்கு மாதாமாதம் அரண்மனை அளக்கும் அரிசி, மரக்கால் கணக்கில்.

ராஜா சொக்கிப்போனார். "ஓர் எழுத்துக்குள்ளே ஊரையே அடக்கிவிட்டீரே!" என்றார். முத்திரை விழுந்தது.

நாலு நாள் கழித்துச் சபைக்கு அங்கம்மை வந்து நின்றாள். பானை செய்து விற்கிறவள். வீட்டில் அவளும், வாதம் வந்து படுத்துவிட்ட அவள் தாயும்தான். ஆ-வுக்கு இரண்டு. இரண்டிரண்டு நாலு, ஐந்தைக் கூட்டினால் ஒன்பது நாள்.

"மகாராசா, ஒன்பது நாள் நான் கரையிலே கெடந்தா ஆத்தா வாயிலே கஞ்சி ஊத்த நாதியில்லை. செத்தே போயிடுவா" என்று அழுதாள்.

பிரதானி மீசையைத் தடவிக்கொண்டார். "உன் ஆத்தா மூச்சு விடுகிறாளா, இல்லையா?"

"விடுறா சாமி."

"அப்போது அவளும் கணக்கில் உண்டு. எழுத்து இருக்கிற இடத்தில் எண்ணைப் போடு. வருவதைச் செய். அழுகைக்கு அதில் இடமில்லை."

சபையில் ஓலை வாசிக்கிற மருதையனுக்குப் பொறுக்கவில்லை. வாய் சும்மா இருக்கவில்லை. "மகாராஜா, இந்த விதி சரியில்லை" என்று சொல்லிவிட்டார்.

"நான் முத்திரை வைத்த விதியா?" ராஜாவின் முகம் சிவந்தது. "சரி. அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், கோளாறு எங்கே என்று நாளைக்குக் காட்டும். காட்டாவிட்டால் ஓலையைக் கீழே வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கும். அவளும் சுமப்பாள், நீரும் சுமப்பீர்!"

எழுத்தை மாற்றாமல் கோளாறு காட்டுவதா? மருதையன் தலையைச் சொறிந்தார். விதியை முன்னாலிருந்து படித்தார், பின்னாலிருந்து படித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், எழுத்தைத் தொடத்தானே தடை, எண்ணைப் பார்க்கத் தடையில்லையே என்று தோன்றியது. வீடு வீடாக எழுதி வாங்கின ஓலைகள் எல்லாம் அவர் பொறுப்பில்தான் இருந்தன. கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஓர் ஓலையில் கையெழுத்தைக் கண்டதும் துள்ளி எழுந்தார். "அடப்பாவி!" என்றார். பிறகு ஓடிப்போய் அரிசி ஓலைக்கட்டையும் இறக்கினார்.

மறுநாள் சபை கூடியது. அங்கம்மை ஒரு தூணோரம் நின்றாள். மருதையன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே உள்ளே வந்தார்.

ராஜா பதறிப்போனார். "என்னய்யா, யாருக்கு என்ன?"

"என்னத்தைச் சொல்ல மகாராஜா! நம்ம பிரதானி வீட்டில் மூச்சு விடுகிற ஜீவன் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரேயடியாகப் போய்விட்டார்களே!"

"என்ன உளறல்! நான் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேனே!" என்று கத்தினார் வில்வராயர்.

மருதையன் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, குரல்கூட அப்படியே இருக்கிறதே!"

"மருதையா, விளையாடாதீர்" என்றார் ராஜா.

மருதையன் ஓலையை நீட்டினார். "நானா விளையாடுகிறேன்? மண் வேலைக்குப் பிரதானி தன் கையால் எழுதிக் கொடுத்தது. அவர் வீட்டில் ஆ-வுக்குப் பூஜ்யம்! வேலை வராமல் இருக்கப் பூஜ்யம் போட்டார் பாவம், பின்னால் நிற்கிற ஐந்தை மறந்துவிட்டார். பூஜ்யத்தை இரண்டால் பெருக்கினால் பூஜ்யம். ஐந்தைக் கூட்டினால் ஐந்து நாள். மூச்சு விடுகிறவர் யாருமில்லாத வீட்டிலிருந்து ஐந்து நாள் மண் சுமக்க யார் வருவார்கள்? பேயா?"

சபையில் ஒருத்தர் கெக்கெக்கென்று சிரித்தார். ராஜா மட்டும் சிரிக்கவில்லை. ஓலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேய்களுக்குப் பசியும் அதிகம் மகாராஜா" என்று மருதையன் இன்னோர் ஓலையை நீட்டினார். "இது அரிசி வாங்கிய ஓலை. இதிலே ஆ-வுக்கு நாற்பது! மாதம் நூற்றிருபது மரக்கால். ஒரே விதி, ஒரே எழுத்து. ஒரு வரியில் போட்ட எண்ணைத்தானே அடுத்த வரியிலும் போட வேண்டும்? நான் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. பிரதானிதான் எண்ணை மாற்றியிருக்கிறார்."

ராஜா மெல்லத் திரும்பினார். "வில்வராயரே, எந்த எண் நிஜம்? பூஜ்யம் என்றால் உமக்கு இனி ஒரு மணி அரிசி கிடையாது. காரியத்துக்கு நாள் பார்க்கச் சொல்கிறேன். நாற்பது என்றால் எண்பத்தைந்து நாள் மண். சொல்லும்."

பிரதானிக்கு வியர்த்துக் கொட்டியது. "நாற்பது..." என்று முனகினார்.

"எண்பத்தைந்தோடு அங்கம்மையின் ஒன்பதையும் கூட்டும்! எல்லாம் உம் தலையில்" என்றார் ராஜா. பிறகு மருதையனைப் பார்த்தார். அந்தத் தலைத்துண்டைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி மருதையனிடம் கொடுத்தார். அங்கம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆத்தாவுக்குக் கஞ்சி வைக்க வீட்டுக்கு ஓடினாள்.

பிரதானி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சான், சகலை, ஒன்றுவிட்ட சித்தப்பா எல்லாரும் சேதி கேட்ட அன்றே மூட்டையைக் கட்டிவிட்டார்கள். கூடையைத் தூக்க மிஞ்சியது வில்வராயர் ஒருத்தர்தான்.

மூன்றாம் நாள் அங்கம்மை பானைகளைச் சுமந்துகொண்டு ஏரிக்கரை வழியாகப் போனாள். பிரதானி கூடையைப் போட்டுவிட்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா அங்கம்மை, இன்னும் தொண்ணூற்றொரு நாள் பாக்கி. முதுகு ஒடிகிறது. ராஜாவிடம் நீ ஒரு வார்த்தை சொல்லேன்" என்றார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

அங்கம்மை பானையைச் சரிசெய்துகொண்டாள். "எழுத்து இருக்கிற இடத்திலே எண்ணைப் போட்டாச்சு சாமி. வந்ததைச் செய்யுங்க. அழுகைக்கு அதிலே இடமில்லையாம்."