தணிகாசலத்தின் அறுபடாத கோடு

“கோடு ஒரு இடத்துலகூட அறுபடலையே டீச்சர். அப்புறமும் ராக்கெட் விடுற அன்னைக்கு ஏன் என்னைக் கணினி மேசையில உட்கார விடமாட்டேங்கிறீங்க?”

கேட்டவர் தணிகாசலம். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். டீச்சர் நசீமாவுக்கு வயது இருபத்தாறு. சாயல்குடிப் பக்கத்துப் பொட்டலில், தாங்களே செய்த ராக்கெட்டுகளைப் பறக்கவிடும் குழுவுக்கு அவர்தான் தலைவி.

ராக்கெட் தன் உயரத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். கீழே கணினி அதைக் கோடாக வரையும். அதற்கான மென்பொருளைத்தான் தணிகாசலம் நாலு மாதம் மாய்ந்து மாய்ந்து எழுதியிருந்தார்.

“நடுவுல சிக்னல் விட்டுப்போனா?”

“நம்ம சாப்ட்வேர் விடுமா? அதுவே கணக்குப் போட்டு நிரப்பிக்கும்!”

நசீமா ராக்கெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பக்கத்து மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறினார்.

“திரையைப் பார்த்து உயரத்தைச் சொல்லுங்க அண்ணாச்சி. திரும்பக் கூடாது.”

“அஞ்சு மீட்டர்!”

“எட்டு!”

“பன்னெண்டு!”

ஊருக்கே கேட்கும்படி கத்தினார். கோடு பிசிறில்லாமல் ஏறியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

“இப்ப நான் எங்க இருக்கேன் அண்ணாச்சி?”

“முப்பத்தாறு மீட்டர்ல, டீச்சர்!”

சொன்ன பிறகுதான் தொட்டியே இருபது மீட்டர் உயரம் என்பது அவருக்கு உறைத்தது. குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டதும் உறைத்தது.

திரும்பினார்.

நசீமாவின் ஒரு கையில் ராக்கெட். மறு கையில், பாதிப் படியிலேயே கழற்றிவிட்ட பேட்டரி.

கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

தணிகாசலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. கணினியை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து வந்தார். நசீமா மறுபடி படியேறினார், பேட்டரியைக் கழற்றினார், இறங்கி வந்து திரையைப் பார்த்தார். கோடு பாதியிலேயே அறுந்து நின்றிருந்தது. பிறகு மேசையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ராக்கெட் விடும் நாளன்று பொட்டலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு வெளியே இருநூறு பேர்.

ராக்கெட் சீறிக் கிளம்பியது. கோடு ஏறியது. அறுநூறு மீட்டரில் பட்டென்று நின்றுபோனது.

“அண்ணாச்சி, எங்க?”

வாய்க்கு வந்த உயரத்தைச் சொன்னால் போதும், கைதட்டல் பறக்கும். தணிகாசலத்துக்கு நாக்கு துறுதுறுத்தது.

மைக்கை எடுத்தார்.

“தெரியல! கடைசியா அறுநூறு மீட்டர்னு சொல்லுச்சு. இப்ப எங்கன்னு தெரியல. ஒருத்தரும் கயித்தத் தாண்டாதீங்க!”

ஆயுளில் எதையும் அவர் இவ்வளவு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதில்லை.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

“தெரியலன்னு சொல்றதுக்கு ஒரு சாப்ட்வேரா? யாருய்யா எழுதுனது?”

நசீமா மைக்கை வாங்கிக்கொண்டார்.

“எங்க அண்ணாச்சி!”