மேட்டுப்பள்ளத்துக்கு வந்த உத்தரவு

மேட்டுப்பள்ளத்துக்கு இங்கிலீஷ் குதிரைமேல் ஏறி வந்தது. வந்தது இரண்டே வார்த்தைதான். ஆனால் சொன்னதை மீறி அறியாத ஊர் அது. இரண்டு வார்த்தையே அவர்களுக்கு ஏராளம்.

அன்று பவளக்கொடிக்கும் சடையப்பனுக்கும் கல்யாணம். இரண்டு ஜாதகத்துக்கும் பொருந்திய முகூர்த்தம். இதை விட்டால் அடுத்தது மூன்று வருஷம் கழித்துத்தான் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். சடையப்பன் தாலிக்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துப் பெண்ணின் கழுத்துக்கு நேரே கொண்டுபோன சமயத்தில், வெள்ளைக்கார கலெக்டர் அந்த வழியாகக் குதிரையில் வந்தார். ஊரே எழுந்திருக்கப் பார்த்தது. அவர் தொப்பியைத் தூக்கி, சிரித்து, "கேரி ஆன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"உத்தரவு போட்டுட்டுப் போறாரு. என்னய்யா உத்தரவு?" என்றார் நாட்டாமை பொன்னுரங்கம்.

ஊரில் இங்கிலீஷ் படித்தவர் தபால்காரர் ஞானமுத்து ஒருவர்தான். பையிலிருந்து அகராதியை எடுத்துப் புரட்டினார். "கேரின்னா சும. ஆன்னா மேலே."

அவ்வளவுதான். சமையல்காரர் நாட்டாமையைத் தோளில் தூக்கினார். தவில்காரரை நாதஸ்வரக்காரர் சுமந்தார். ஆட்டுக்கல்லைத் தூக்கியவருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

"இறக்குங்க, இறக்குங்க. ரெண்டும் சேர்ந்தா அர்த்தம் வேறயாம்," என்றார் ஞானமுத்து. "அந்தக் காலத்துல தனித்தனியா இருந்தப்ப மூட்டை தூக்கிக்கிட்டு இருந்திருக்குதுங்க. ஒண்ணா சேர்ந்ததும் பழைய வேலைய விட்டுட்டு வேற வேலைக்குப் போயிடுச்சு."

"கல்யாணம் ஆனா அப்படித்தான்," என்றார் ஆட்டுக்கல்லை இறக்கியவர்.

"இப்ப என்ன வேலை பார்க்குது?"

"செஞ்சுக்கிட்டு இருந்ததையே தொடர்ந்து செய்யணுமாம்."

எல்லோருக்கும் நிம்மதி. நாட்டாமைக்கு மட்டும் சந்தேகம். "அவர் சொன்ன அந்த நிமிஷத்துல யார் யார் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க? பொய் சொல்லக்கூடாது."

நாட்டாமை விசிறிக்காம்பால் முதுகு சொறிந்துகொண்டிருந்தார். தொடர்ந்து சொறிந்தார். சமையல்காரர் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தார். தொடர்ந்து கிண்டினார். நாதஸ்வரக்காரர் சுருதி பார்க்க ஒரே ஒரு சுரம் ஊதிக்கொண்டிருந்தார். அதையே ஊதினார். குப்பாண்டி, மாலையைத் தின்ற ஆட்டைத் துரத்திக்கொண்டிருந்தான். ஆடு களைத்துப் படுத்துவிட்டது. அவன் பந்தலைச் சுற்றி ஓடினான்.

"நீ?"

"தாலியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்," என்றான் சடையப்பன்.

"அப்ப பிடிச்சுக்கிட்டு நில்லு."

பெண்ணின் தாய் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஞானமுத்து அகராதியில் இன்னொரு வரியைக் கண்டுபிடித்தார். "ஆர்ப்பாட்டம் பண்றதுக்கும் இதே வார்த்தைதானாம். நம்ம ஊர்ல உத்தரவுக்கு முழுசாக் கட்டுப்பட்டது பொண்ணோட அம்மா ஒருத்திதான்." எல்லோரும் அவளை மரியாதையோடு பார்த்தார்கள்.

வெயில் பந்தல்காலைத் தாண்டிவிட்டது.

"பெரியப்பா, முகூர்த்தம் முடியப்போகுது," என்றாள் பவளக்கொடி நாட்டாமையிடம்.

"உத்தரவை மாத்தச் சொல்லிக் கலெக்டர்கிட்ட ஆள் அனுப்புவோம். ஆனா ஒருத்தரும் நகரக்கூடாதே."

"குப்பாண்டி ஓடிக்கிட்டுத்தானே இருக்கான். கலெக்டர் பக்கமா ஓடச் சொல்லுங்க."

சபை இந்த யோசனையை வெகுநேரம் ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது. கலெக்டர் தங்கியிருந்த ஆற்றங்கரைக் கூடாரத்தை நோக்கிக் குப்பாண்டி ஓடினான்.

அவன் போனதும் பவளக்கொடி மறுபடி வாயைத் திறந்தாள். "நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்னு யாரும் கேக்கலியே."

"தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தே."

"அது கழுத்து செஞ்சது. நான் கல்யாணம் பண்ணிக்கிட்டு இருந்தேன்."

நாட்டாமை சொறிந்தபடியே யோசித்தார். "அப்ப அவ தொடர்ந்து கல்யாணம் பண்ணிக்கணும். சரிதான்."

"அவளுக்காக நான் கட்டினா என் உத்தரவ மீறினதா ஆகுமே. நான் பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கணும்," என்றான் சடையப்பன்.

"ஏன் மாமா, கயித்தை விட்டுட்டா முடிச்சுப் போடுவீங்க? பிடிச்சுக்கிட்டே போடுங்க."

அவன் இதை மனசுக்குள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். குற்றம் தெரியவில்லை. மெதுவாக ஒரு முடிச்சு போட்டான். பவளக்கொடி கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொடுத்தாள். இரண்டாவது முடிச்சும் விழுந்தது.

அப்போது குப்பாண்டி வந்து சேர்ந்தான். "கலெக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். தலையப் பிடிச்சுக்கிட்டாரு. எல்லாரும் உடனே நிறுத்தணுமாம்."

நிறுத்தினார்கள். சொறிவது நின்றது, கிண்டுவது நின்றது, சுரம் நின்றது, பெண்ணின் தாயுடைய அழுகையும் நின்றது. சடையப்பன் இரண்டு முடிச்சோடு கையை எடுத்துவிட்டான்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு மாமா."

"நிறுத்தச் சொல்லிட்டாரே."

முகூர்த்தம் போய்விட்டது. சபை கூடியது. மூன்றில் இரண்டு முடிச்சு விழுந்திருப்பதால் மூன்றில் இரண்டு பங்கு கல்யாணம் ஆகிவிட்டது என்று நாட்டாமை தீர்ப்புச் சொன்னார்.

"அப்படியா. ரெண்டு முடிச்சுக்கு ரெண்டு வேளைதான் சோறு," என்றாள் பவளக்கொடி.

சடையப்பனுக்கு அது நியாயமாகவே பட்டது. காலையும் ராத்திரியும் பெண்டாட்டி கையால் சாப்பிடுகிறான். மத்தியானம் மட்டும் அம்மா வீட்டுக்குப் போய், கல்யாணம் ஆகாதவனாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறான்.

எத்தனை நாளைக்குத்தான் அவன் மத்தியானத்தில் தனியாக இருப்பான் என்று ஊருக்குக் கவலை. நல்ல இடமாகப் பார்த்து அவனுக்குப் பெண் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பவளக்கொடிதான் முன்னால் நின்று தேடுகிறாள்.