நண்டு மணல் உருட்டிய கதை

அந்தக் காலத்தில் கடலுக்கு நேரம் காலம் எதுவும் கிடையாது. வரத் தோன்றினால் வரும், போகத் தோன்றினால் போகும். சில நாள் பனங்காடு வரைக்கும் ஏறி வந்து, அலுப்புத் தீரும்வரை அப்படியே படுத்துக் கிடக்கும். மீன், பறவை, நண்டு எல்லாம் ஒரே பாஷை பேசிய காலம் என்பதால் கடலிடமே போய், "ஆத்தா, கொஞ்சம் தள்ளிப் படேன்" என்று சொல்ல முடிந்தது. சொன்னால் கேட்பாளா என்பது வேறு விஷயம். கடலாத்தா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள்.

அந்தக் கரையில் அலவன் என்றொரு நண்டு இருந்தான். நண்டு என்றதும் குழம்பில் கிடப்பதை நினைத்துக்கொள்ளக் கூடாது. இவன் சுண்டைக்காய் அளவுதான். உடம்பு மணல் நிறம். ஆள்தான் சிறியவன், பயம் பெரியது. மேகத்தின் நிழல் விழுந்தால் வளைக்குள் ஓடுவான். தூரத்தில் பனம்பழம் விழுந்தால் ஓடுவான். ஒன்றுமே விழாமல் ரொம்ப நேரம் அமைதியாக இருந்தால், ஏன் இவ்வளவு அமைதி என்று சந்தேகப்பட்டு ஓடுவான்.

சாப்பாடு அவனுக்கு மணல்தான். ஈரமணலை அள்ளி வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் பாசியை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைச் சின்ன உருண்டையாகத் துப்புவான். துப்பியதைக் காலால் ஓரமாக ஒதுக்கியும் வைப்பான். வளைக்கு ஓடுகிற வழியில் ஒரு உருண்டைகூடத் தடுக்கக் கூடாதே.

இப்படிப்பட்டவனுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. வளைக்குச் சற்று மேலே மணல்மேட்டில் அடம்பங்கொடி படர்ந்திருந்தது. விடிந்ததும் அதில் ஊதாப் பூக்கள் புனல்போல விரியும். பூவின் அடியிலிருந்து விளிம்புவரை அழுத்தமான கோடுகள் ஓடும், உள்ளே யாரோ நட்சத்திரம் வைத்துத் தைத்த மாதிரி. வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அது விரிந்திருக்கும் கொஞ்ச நேரம் மட்டும் அலவன் வளையைத் திரும்பிப் பார்க்க மறந்துபோவான். மறந்தது நினைவுக்கு வந்ததும் உள்ளே பாய்வான்.

ஒருநாள் காலை உள்ளான் குருவி ஓடி வந்தான். குச்சிக் காலும் நீள மூக்குமாகக் கரையோரம் ஓடிக்கொண்டே இருப்பவன். உள்ளான்களுக்கு அப்போது நண்டின் ருசி தெரியாது, அதனால் இருவருக்கும் நல்ல சிநேகம்.

"அலவா, வெளியே வாடா! வடக்குக் கரை போச்சு!"

"எங்கே போச்சு?" என்றான் அலவன் உள்ளிருந்தபடியே.

"எங்கே போகும்? கடலாத்தா வயித்துக்குள்ளதான். மேட்டுல ஏறிப் படுத்தவ எழுந்திரிக்கவே இல்லை. கொடி, கூடு, முட்டை ஒண்ணும் மிஞ்சலை. அடுத்தது இந்தக் கரையாம்."

அடம்பங்கொடிக்கு அடியில் இருந்த ஆமையக்காவுக்கும் இது கேட்டது. அந்தக் காலத்து ஆமைகள் முட்டையிட்ட இடத்தை விட்டு நகராது. குஞ்சு வரும்வரை மேலேயே படுத்துக் காவல் காக்கும். அவள் எழுந்திருக்க முயன்று, எழுந்தால் முட்டை என்னாகும் என்று மறுபடி படுத்தாள்.

"என்ன பண்றது? யாராச்சும் போய்ப் பேசுங்களேன்!"

பாறைமேல் இருந்த சங்குப் பெரியவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அந்தக் கரையிலேயே உரத்த குரல் அவருடையது. அதனாலேயே எதையும் அவர்தான் பேச வேண்டும் என்று ஆகியிருந்தது.

"ஏ ஆத்தா! எங்க கரைக்கு ஏன் வர்றே?"

தூரத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்த கடலாத்தா திரும்பிப் பார்த்தாள். "ஏன், வந்தா என்ன? அங்கே என்ன இருக்கு? வெறும் மணல். வெறுமனே கிடக்கிற இடத்துல படுத்தா என்ன குத்தம்? எனக்கு இடுப்பு வலிக்குது. வெயில் சாயறதுக்குள்ள வந்துருவேன்."

"என் முட்டை இருக்கு ஆத்தா!" என்று கத்தினாள் ஆமையக்கா.

"மண்ணுக்குள்ள இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாச்சும் இருந்தாச் சொல்லு." ஒரு கொட்டாவி விட்டாள். அந்தக் காற்றில் உள்ளான் நாலடி தள்ளிப் போய் விழுந்தான்.

பயம் வந்தால் சிலருக்குச் சோறு இறங்காது. அலவனுக்கு நேர்மாறு. வெளியே வந்து மணலைத் தின்ன ஆரம்பித்தான். வளையிலிருந்து நேராகக் கொஞ்சதூரம் போவான். தின்பான், உருட்டுவான், ஒதுக்குவான். பயம் தாங்காமல் வளைக்குத் திரும்புவான். மறுபடி வேறு பக்கமாக வெளியே வருவான். கை வேலை செய்தது, மனது அடம்பம்பூவிடம் இருந்தது. கொடி மூழ்கினால் நாளைக்குப் பூ இல்லை. மறுநாளும் இல்லை. எப்போதும் இல்லை. இன்றைக்குக் காலையில் பார்த்ததுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாமே! அந்தக் கோடு எங்கே தொடங்கியது, எங்கே மெலிந்தது, விளிம்புக்கு வரும்போது எப்படி வளைந்தது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டே உருட்டினான்.

சளசளவென்று சத்தம் கேட்டபோதுதான் தலை நிமிர்ந்தான். கடலாத்தா வந்துவிட்டாள். வளைக்குள் விழுந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

தண்ணீர் வரவில்லை.

"இது என்ன?" என்ற குரல்தான் மேலே கேட்டது. "நேத்து இல்லையே, யார் போட்டது?"

"அலவன் ஆத்தா, அந்தச் சுண்டைக்காய்!" என்றான் உள்ளான்.

வளையைச் சுற்றி மணல் உருண்டைகள் கோடு கோடாகப் புறப்பட்டு, ஒரு பெரிய பூவாக விரிந்து கிடந்தன. கடலாத்தா நின்று பார்த்தாள். குனிந்து பார்த்தாள். ஆசை தாங்காமல் ஓர் அலையை நீட்டித் தொட்டாள். அவ்வளவுதான், பூ கரைந்து போனது.

"அடடா... தொட்டுத்தானே பார்த்தேன்." அவளுக்கே வருத்தமாகிவிட்டது. "சரி, நாளைக்கு வர்றேன். இன்னொண்ணு போட்டு வை. வெறும் மணலா இருந்துச்சுன்னா, இப்பவே சொல்லிப்புட்டேன், ஏறிப் படுத்துருவேன்."

அவள் திரும்பிப் போனதும் கரையே குதூகலித்தது. சங்குப் பெரியவர் ஊதோ ஊதென்று ஊதினார். உள்ளான் வட்டமடித்து ஓடினான். அலவன் மட்டும் வளையின் அடியில் ஒடுங்கிக் கிடந்தான். அவன் எதையும் போடவில்லையே! அது தானாக விழுந்தது. தானாக விழுந்ததை மறுபடி எப்படிப் போடுவது?

விடிந்ததும் மூவரின் கண்ணும் வளை வாசலில்தான் இருந்தது. முட்டையை விட்டு நகராத ஆமையக்காகூடக் கழுத்தை முழுசாக நீட்டியிருந்தாள்.

"நேத்துப் போட்டதையே போடு. ஆனா இன்னும் பெருசா," என்றார் சங்குப் பெரியவர். "பெருசா இருந்தாத்தான் மதிப்பு."

"கொஞ்சம் முட்டை முட்டையா வை தம்பி. பார்த்தா அவளுக்கே இரக்கம் வரட்டும்," என்றாள் ஆமையக்கா.

"நடுவுல ஒரு குருவி இருந்தா எடுப்பா இருக்கும்டா. பார்த்துப் போடறியா, நான் வேணா இப்படி நிக்கறேன்." உள்ளான் ஒற்றைக் காலில் நின்று மூக்கைத் தூக்கிக் காட்டினான்.

அலவன் யாரையும் மறுக்கத் தெரியாதவன். பெரிதாகவும் போட்டான், முட்டையாகவும் வைத்தான், நடுவில் குருவிக்கும் இடம் விட்டான். நிமிர்ந்து பார்த்தான். பூவும் இல்லை, முட்டையும் இல்லை, குருவியும் இல்லை. சந்தை கலைந்த திடல் மாதிரிக் கிடந்தது.

"நல்லாத்தானே இருக்கு," என்றார் சங்குப் பெரியவர். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

எங்கே தப்பு என்று அலவனுக்குப் புரிந்தது. நேற்று உருட்டும்போது பூவை நினைத்தான். இன்று உருட்டும்போது கடலாத்தாவின் முகத்தை நினைத்தான். அவள் புருவம் சுளிப்பாளா, கொட்டாவி விடுவாளா என்றே நினைத்தான். ஒவ்வொரு உருண்டையிலும் அந்தப் பயம் இருந்தது. மேட்டைத் திரும்பிப் பார்த்தான். வெயில் ஏறிவிட்டது, அடம்பம்பூ சுருங்கித் தொங்கியது. தூரத்தில் கடலாத்தா சோம்பல் முறித்து எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தான். குறுக்கும் நெடுக்குமாக ஓடி, போட்டது அத்தனையையும் எட்டுக் காலாலும் கலைத்தான்.

"அடப்பாவி!" என்று அலறினாள் ஆமையக்கா. "என் பிள்ளைங்க இருக்குதுடா!"

"பைத்தியம் பிடிச்சிருச்சு இவனுக்கு! பிடிங்க அவனை!" என்றார் நகர முடியாத சங்குப் பெரியவர்.

கலைத்து முடித்து, வழக்கம்போல உள்ளே ஓடத் திரும்பினான். வளையைக் காணவில்லை. கலைத்த வேகத்தில் வளையின் வாயையும் மூடிவிட்டிருந்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒளிய இடமில்லாமல் வெட்டவெளியில் நின்றான்.

அந்த நேரம் பார்த்து மேட்டிலிருந்து ஒன்று உருண்டு வந்தது. இராவணன் மீசை என்று கடற்கரையில் ஒரு முள்புல் உண்டு. அதன் காய்ந்த கதிர், நாலாபக்கமும் ஊசி நீட்டிய பந்தாகக் காற்றில் உருண்டு போகும். இதற்குமுன் அது வரும்போதெல்லாம், தன்னைத் துரத்துகிறது என்று நினைத்து அலவன் உள்ளே ஓடியிருக்கிறான். அதனால் அதை முழுசாகப் பார்த்ததே இல்லை. இன்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பார்த்தான். அது அவனைத் துரத்தவே இல்லை. ஊசி நுனிகளில் நின்று, ஒன்றை எடுத்து ஒன்றை வைத்து, மணலைக் குத்தாமல் போய்க்கொண்டிருந்தது. போன இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தடம். காற்று நின்றால் நின்றது. காற்று அசைந்தால் எங்கே போவது என்று யோசிப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புறப்பட்டது. இத்தனை முள் வைத்துக்கொண்டு இவ்வளவு லேசாக எப்படி இருக்கிறது? அலவனும் பக்கவாட்டில் கூடவே ஓடினான். தன் இடத்தை விட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்றுகூட அவன் பார்க்கவில்லை.

"ஓடிப்போறான் பாரு!" என்றான் உள்ளான்.

ஆனால் அவன் திரும்பி வந்தான். வந்ததும் அவசரமாக ஒரு புது வளை தோண்டினான், அது இல்லாமல் அவனால் இருக்க முடியாது. பிறகு அதன் வாயிலிருந்து மெல்லிய கோடுகளாக, ஊசி ஊசியாக, நாலாபக்கமும் மணலை உருட்டி வைக்கத் தொடங்கினான். இடையிடையே ஒரு கால் எடுத்துவைத்த மாதிரி இடைவெளி விட்டான். சின்னதாகத்தான் வந்தது. பாதியில்தான் இருந்தான், நிழல் விழுந்தது.

கடலாத்தா குனிந்து நின்றாள். அவன் இன்னும் வெளியேதான் இருந்தான்.

"நேத்து மாதிரி இல்லையே," என்றாள். பிறகு, "எனக்காகவாடா போட்டே?"

ஆமையக்கா ஆமாம் சொல்லு, ஆமாம் சொல்லு என்று தலையை ஆட்டினாள். அலவன் கையிலிருந்த உருண்டையைக் கீழே வைத்தான்.

"இல்ல ஆத்தா."

அலவன் ஒரு காலைத் தூக்கி மேட்டைக் காட்டினான்.

"அந்த முள்ளுப்பந்து உருண்டு போச்சு. ஊசிமேல நடக்குது, ஆனா மணலைக் குத்தலை. அது எப்படின்னு வச்சுப் பார்த்தேன். நீ வர்றதையே மறந்துட்டேன்."

கடலாத்தா மேட்டைப் பார்த்தாள். ஓர் அலை எழும்பி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. "எத்தனை காலமா இங்கே வந்து படுக்கறேன். அப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லையே?"

"நீ வந்தா அது நனைஞ்சு ஒட்டிக்கும் ஆத்தா. தள்ளி நின்னாத்தான் உருளும்."

சொன்ன பிறகுதான், யாரிடம் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. வளையை நோக்கி ஒரு காலை நகர்த்தி வைத்துக்கொண்டான்.

கடலாத்தா ஓரடி பின்னால் வைத்தாள். இன்னும் ஓரடி. ஈரம் காயக் காயக் காற்று வந்தது. காற்றோடு இன்னொரு பந்து மேட்டிலிருந்து இறங்கி, தத்தித் தத்தி அவள் முன்னாலேயே போனது. அவள் சிரித்தாள். அந்தக் கரை அதுவரை அவள் சிரித்துக் கேட்டதில்லை.

"இன்னும் என்னெல்லாம் இருக்குடா இங்கே?"

"தெரியலை ஆத்தா. நானும் இத்தனை நாள் உள்ளேயேதான் இருந்தேன்."

"சரி. நான் தள்ளிப் போறேன், இனி மேட்டுல ஏறிப் படுக்க மாட்டேன். நீ பார்த்துப் போட்டு வை. வந்து பார்த்துக்கறேன். ஆனா தொடாமப் பார்க்க எனக்குத் தெரியாது. தொட்டா அழிஞ்சுரும். பரவாயில்லையா?"

அலவன் தன் கோடுகளைப் பார்த்தான். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. "அழிஞ்சா மணல் மறுபடி ஈரமாகும்," என்றான். "ஈரமா இருந்தாத்தான் எனக்குச் சாப்பாடு."

ஆமையக்கா நிறைய நேரம் யோசித்தாள். கடலாத்தா சொன்ன வாக்கை நம்பலாமா என்று மேட்டைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். கடைசியில் முட்டையின்மேல் மணலை நன்றாகத் தள்ளி மூடிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கடலுக்குள் இறங்கினாள். அன்றைக்குப் பிறகு எந்த ஆமையும் கரையில் காவல் இருந்ததில்லை.

அலவனின் பயம் மட்டும் போகவே இல்லை, அவன் பேரன் பேத்திகளுக்கும் போகவில்லை. காலடிச் சத்தம் கேட்டால் கரை முழுக்க ஒரு நொடியில் காலியாகிவிடும். ஆனாலும் அன்று தொடங்கித்தான், கடல் நாளுக்கு இருமுறை பின்வாங்கி மணலை விட்டுக்கொடுக்கிறது. சுண்டைக்காய் நண்டும், உள்ளே ஓட ஒரு வழியை மட்டும் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டே வெளியே வந்து, நேற்றுப் போடாத ஒன்றைப் போடுகிறது.