இசக்கியின் நாடி

"ஓட்டம் என்னைக் கொல்லுதா டீச்சர்?"

சுடலைமணி கையில் ஒரு தாளோடு நின்றார். பஸ் கண்டக்டர். வயது நாற்பத்து நான்கு. ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் ஜெரினாவுக்கு முப்பது.

"யார் சொன்னது?"

"இந்தத் தாள்."

அந்த வாரம் மருத்துவக் கல்லூரியிலிருந்து மைதானத்துக்கு ஆய்வுக்காக வந்திருந்தார்கள். வேகமாக ஓடுவதற்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். மூச்சு முட்ட ஓடினால் உடம்புக்குள் இரும்பில் துரு ஏறுவதுபோல் ஒன்று ஏறும், அதை அளக்கிறோம் என்றார்கள்.

சுடலைமணிக்கு அது இரட்டிப்பாகியிருந்தது.

"இசக்கியும் அதே தூரம்தான் ஓடினா. அவளுக்குக் கொஞ்சந்தான் ஏறியிருக்கு. ஒரே வயித்துல, ஒரே நாள்ல பொறந்தோம்."

"பெண்களுக்குச் சில சமயம் குறைவா ஏறும்னு டாக்டரம்மா சொன்னாங்களே. எல்லாருக்கும் அப்படி இல்லைன்னும் சொன்னாங்க."

"அவளுக்குக் கவலையில்ல. நான்தான் மாட்டிக்கிட்டேன்."

ஜெரினா தாளை வாங்கிப் பார்த்தாள்.

"எங்கப்பா நாப்பத்தஞ்சுல நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு விழுந்தாரு டீச்சர். அந்தப் பயத்துலதான் ஓட வந்தேன். ஒரு நாள்கூட விட்டதில்ல."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட."

"நாளைக்கு ஓடாதீங்கண்ணே. வந்து படியில உக்காருங்க. ரத்தம் மட்டும் குடுங்க."

"ஓடாம என்ன செய்ய?"

"உக்காருங்க."

மறுநாள் உட்கார்ந்தார். கால் தானாக ஆடிக்கொண்டே இருந்தது. கண் கைக்கடிகாரத்தை விட்டு நகரவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு டியூட்டிக்குப் போனார்.

அதற்கு அடுத்த நாள் ஜெரினா தாளை நீட்டினாள்.

எண் இறங்கியிருந்தது. ஓடுவதற்கு முன்பு இருந்த இடத்துக்கே வந்திருந்தது.

"மாத்திரைகூடப் போடலியே. யாரு இறக்குனா?"

"நேத்து என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. சும்மா இருந்தேன்."

"இன்னைக்கும் கொஞ்ச நேரம் இருங்க."

இந்த முறை கால் ஆடவில்லை. அவர் மைதானத்தைப் பார்த்தார்.

இசக்கியம்மாள் ஓடிக்கொண்டிருந்தாள். சுற்று முடிந்ததும் நின்றாள். யாரும் பார்க்காதபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, கழுத்தில் இரண்டு விரல் வைத்தாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி ஓடினாள்.

அடுத்த சுற்றிலும் அதே சுவர். அதே விரல்கள்.

"எத்தனை நாளா இப்படி?"

"சேர்ந்த அன்னையிலேர்ந்து. நீங்க எப்பவும் அவங்களுக்கு முன்னாடி ஓடுவீங்க. பார்த்திருக்க மாட்டீங்க."

சுடலைமணி தாளை மடித்தார். பிறகு அதைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினார். அவள் வரும் வழியில் போய் நின்றார்.

"ஏட்டி, போதும். வா, உக்காரு."

"இன்னும் ரெண்டு சுத்து இருக்கு."

"இருக்கட்டும்."

"ஒனக்கு என்ன வந்துச்சு?"

"வாயேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. கை தானாகக் கழுத்துக்குப் போனது. அவர் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று இறக்கினாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மணிக்கட்டில் விரல் வைத்தார்.

"நீ விடு. நான் எண்ணுதேன்."